பூஷெர்வில்லுக்குக் குடிபோகலாமா? ஆறு, சுரங்கம், அடித்தளம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கணவருக்கு பூஷெர்வில் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகைக்கு இருக்கிறீர்கள். மூத்த பிள்ளைக்கு ஏழு வயது, இளையதுக்கு மூன்று. வீட்டில் பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. “ஆற்றங்கரை ஊர், அழகான ஊர் என்கிறார்கள், வீடு வாங்கிக்கொண்டு போகலாமா, வெள்ள பயம் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் நல்ல ஊர்தான், அதில் சந்தேகமில்லை. அமைதி, மரநிழல், சுத்தமான தெரு எல்லாம் உண்டு. முடிவைத் தீர்மானிக்கப்போவது வேறு மூன்று விஷயங்கள்: ஆற்றை எப்படித் தாண்டப்போகிறீர்கள், வாங்கும் வீட்டின் தரைக்கு அடியில் என்ன கொட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் எந்த மொழியில் வளரப்போகிறார்கள். வெள்ளம் நான்காவதாகத்தான் வரும். வீட்டுப் பரிசோதனை என் பிழைப்பு என்பதால் இரண்டாவது விஷயத்தில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் எங்கே, யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் “மொன்றியலில் ஒரு பகுதி” என்று எழுதியிருக்கிறீர்கள். பூஷெர்வில் செயின்ட் லாரன்ஸ் நதியின் தென்கரையில், மொன்றியல் தீவின் கிழக்குப் பகுதிக்கு எதிரே இருக்கும் தனி ஊர். மக்கள்தொகை 41,000க்குக் கொஞ்சம் மேலே. ஒரு பக்கம் லோங்கேய், ஆறு ஓடும் திசையில் அடுத்த ஊர் வரென். 2002 ஜனவரி 1 அன்று கியூபெக் மாகாண அரசு இதை லோங்கேயுடன் சேர்த்தது. ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2004 ஜூனில் வாக்கெடுப்பு வைத்து, 2006 ஜனவரி 1 முதல் மறுபடி தனி ஊரானது. ஆனாலும் முழுப் பிரிவினை கிடையாது. லோங்கேய், பிரொஸார், சென் புரூனோ, சென் லாம்பேர், பூஷெர்வில் ஐந்தும் ஒரு கூட்டமைப்பில் இருக்கின்றன. போலீஸ், தீயணைப்பு, பஸ் இவையெல்லாம் கூட்டமைப்பின் பொறுப்பு. குப்பை, தெருப் பனி அகற்றுவது, பூங்கா, நூலகம், கட்டட அனுமதி எல்லாம் ஊர் நகராட்சி. புகார் செய்யப் போகும்போது இந்தப் பிரிவு தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரி ஊருக்குள் இல்லை. பியேர் பூஷே ஆஸ்பத்திரி லோங்கேய் எல்லையில் இருக்கிறது, காரில் பக்கம்தான்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரும் ஊரின் பெயரும் ஒரே ஆளுடையவை. த்ருவா ரிவியேரில் ஆளுநராக இருந்த பியேர் பூஷே 1667ல் இங்கே வந்து குடியேற்றத்தைத் தொடங்கினார். அப்போது நியூ பிரான்ஸ் காலம், அதாவது இது பிரான்சின் குடியேற்றமாக இருந்த காலம். 1622ல் பிறந்தவர், 1717ல் இங்கேயே இறந்தார், அந்தக் காலத்துக்கு அது அதிசய ஆயுள். நிலத்தை ஆற்றிலிருந்து உள்ளே நீளும் ஒடுங்கிய பட்டைகளாகப் பிரித்துக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் ஆற்றுமுகம், பின்னால் நீண்ட வயல். இன்றைக்கும் வரைபடத்தை விரித்தால் வயல் எல்லைகளும் பழைய பாதைகளும் ஆற்றுக்குச் செங்குத்தாக ஓடுவது தெரியும். கனடாவில் பொறுப்பாட்சி, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்லும் ஆட்சி, வரக் காரணமான லூயி இப்போலித் லாஃபோன்தேன் 1807ல் பிறந்ததும் இங்கேதான். ஆற்றுக்கு அடியில் மொன்றியலுக்குப் போகும், நீங்கள் நாள்தோறும் பெயர் சொல்லித் திட்டப்போகும் சுரங்கச் சாலைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பழைய ஊரின் நடுவில் இருக்கும் சென்த் ஃபாமீய் தேவாலயம் 1801ல் கட்டியது. 1843 தீவிபத்தில் எரிந்து, நின்ற சுவர்களுக்குள்ளேயே திரும்பக் கட்டினார்கள்.

வீடு தேடுபவருக்கு இந்தச் சரித்திரத்தால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. ஊர் வெவ்வேறு வயதுடைய வளையங்களாக வளர்ந்திருக்கிறது. ஆற்றோரம் மரி விக்டோரின் சாலையை ஒட்டிய பழைய கிராமம் முதல் வளையம். லோங்கேயில் வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே 132ஆம் நெடுஞ்சாலை குறுக்கே ஓடி ஆற்றை மறைத்துவிடும். இங்கே நெடுஞ்சாலை கிராமத்துக்குப் பின்னால் போகிறது, அதனால் படித்துறை வரை நடந்தே போகலாம். விலையும் அதற்கேற்ப. பழைய கட்டடம் என்றால் ஜன்னல் மாற்றுவது, ஓடு மாற்றுவது போன்ற சின்ன வேலைக்கும் நகராட்சி வடிவ அனுமதி கேட்கும். பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மாகாணக் கலாசார அமைச்சின் அனுமதியும் தேவைப்படலாம். இரண்டாவது வளையம் 1960களிலிருந்து 1980கள் வரை கட்டிய தனி வீடுகள்: ஒற்றைத்தள பங்களா, அரைத்தள வீடு, கீழே பேஸ்மென்ட், பக்கத்தில் கராஜ். உங்கள் பட்ஜெட்டில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, பின்னால் வந்த காண்டோக்களும் (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடுகள்) வாடகை அடுக்குமாடிகளும். இதற்கு அப்பால் தொழிற்பேட்டை, நெடுஞ்சாலைகள், பிறகு வயல். கியூபெக் 1978ல் கொண்டுவந்த விளைநிலப் பாதுகாப்புச் சட்டத்தால் அந்த வயலில் மனை போட முடியாது. ஊர் அகலமாக வளர வழியில்லை, அதனால்தான் விலை இறங்க மறுக்கிறது.

இப்போது ஆற்றைத் தாண்டுவது. 25ஆம் நெடுஞ்சாலையின் லாஃபோன்தேன் சுரங்கம் 1967 மார்ச்சில் திறந்தது, நீளம் சுமார் 1.5 கிலோமீட்டர். கான்கிரீட் பெட்டகங்களைக் கரையில் வார்த்து, மிதக்கவிட்டு, ஆற்றுப்படுகையில் தோண்டிய பள்ளத்தில் இறக்கி இணைத்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல், குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்புத் தண்ணீர் சொட்டும் வண்டிகள் ஓடினால் என்னாகுமோ அதுதான் ஆனது. மேற்கூரைக் கான்கிரீட் உதிர்ந்து, பெரிய புனரமைப்பு ஆரம்பித்தார்கள். 2022 அக்டோபர் கடைசியில் சுரங்கத்தின் இரண்டு குழாய்களில் ஒன்றை மூடினார்கள், 6 தடத்தில் மிஞ்சியது 3. முடியும் தேதி 2027க்குத் தள்ளிப்போனது. இதில் உறுதியானது என்று நான் சொல்லக்கூடியது, வேலை நடக்கும்வரை இரவு மூடல்களும் வாரக்கடைசி மூடல்களும் வரும் என்பது மட்டுமே. அறிவித்த தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிளம்புமுன் சாலை நிலவரம் சொல்லும் கியூபெக் 511 பார்ப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பல் விளக்குவது மாதிரி.

உங்கள் வீட்டுக் கணக்கில் இதற்கு இரண்டு பக்கம் உண்டு. நீங்கள் தென்கரைக்கு வந்துவிட்டால் கணவர் சுரங்கத்தையே தொட வேண்டாம், சைக்கிளில்கூட வேலைக்குப் போகலாம். ஆனால் உங்களுக்கோ, பின்னால் மாறும் வேலைக்கோ மொன்றியல் போக வேண்டி வந்தால் காலை நெரிசலின் அதே திசையில் நீங்கள் நிற்பீர்கள். இப்போது இருக்கும் இடத்திலிருந்து கணவர் வேலைக்குப் போவது எதிர்த்திசை, ஒப்பீட்டில் இலகு. காரில்லாமல் போக வேண்டுமென்றால் பார்க் மெட்ரோ நிலையத்தில் நீல வழித்தடம், ழான் தலோனில் ஆரஞ்சு, பெரி யூக்காமில் மஞ்சள், லோங்கேயில் இறங்கி பூஷெர்வில் பஸ். மஞ்சள் தடத்தில் மொத்தமே மூன்று நிலையங்கள்தான். பயணச்சீட்டில் ஒரு சிக்கல்: மொன்றியல் ஏ வலயம், லோங்கேய் கூட்டமைப்பு பி வலயம். ஏ வலய மாதச்சீட்டை வைத்துக்கொண்டு லோங்கேயில் ஏறினால் கதவு திறக்காது, ஏபி சீட்டு வேண்டும். கணவருக்கு ஷிப்ட் வேலை என்றால் தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸின் முதல் வண்டி, கடைசி வண்டி நேரத்தை ஷிப்ட் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் ஓரளவு ஓடும் பஸ் மற்ற நேரத்தில் வெகுவாகக் குறையும். 2023ல் வந்த புது ரயில், ஆர்.ஈ.எம்., பிரொஸார் பக்கம்தான், பூஷெர்வில்லுக்கு வராது. “புது ரயில் பக்கத்தில்” என்று விளம்பரம் போட்டிருந்தால் தூரத்தை வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

வெள்ளம் பற்றி. செய்தியில் பார்த்த 2017, 2019 வெள்ளப் படங்களை வைத்துப் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒட்டாவா நதி வந்து கலக்கும் மேற்குப் பக்கம்: ரிகோ, லாவாலின் கரைகள், 2019 ஏப்ரலில் அணை உடைந்த சென்த் மார்த் சூர் லு லாக். பூஷெர்வில்லில் நிலைமை வேறு. ஊருக்கு நேரெதிரே ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது, பெரிய கப்பல்கள் போகும் கால்வாய் அந்தத் தீவுகளுக்கு அப்பால், மொன்றியல் பக்கம். ஊர்ப் பக்கம் ஓடுவது சின்னக் கிளை. அதற்காக ஆற்றோர மனை எல்லாமே பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. கரை அரிப்பும் வசந்தகாலப் பனிக்கட்டி நெருக்கலும் மனைக்கு மனை மாறும். முதல் வரிசை வீடு என்றால் நகராட்சியில் அந்த மனை எண்ணைச் சொல்லி வெள்ள வலயத்தில் வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். மாகாணம் வெள்ள வரைபடங்களைப் புதுப்பித்து வருவதால் விற்பவர் காட்டும் பழைய தாளை ஏற்காதீர்கள்.

இந்த ஊரில் பேஸ்மென்டுக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் ஆற்றிலிருந்து கிடையாது, சாக்கடைக் குழாய் வழியாக. 2024 ஆகஸ்ட் 9 அன்று டெபி புயலின் மிச்ச மழை மொன்றியல் வட்டாரம் முழுக்கக் கொட்டியபோது ஆற்றையே பார்க்காத தெருக்களில் பேஸ்மென்ட் நிறைந்தது. தெருச் சாக்கடை கொள்ளாமல் தண்ணீர் வீட்டுக் குழாயில் பின்வாங்கும். அதைத் தடுப்பது ஒரு வழி வால்வு. வீடு பார்க்கப் போகும்போது பேஸ்மென்ட் தரையில் அந்த வால்வின் மூடி எங்கே என்று கேளுங்கள், மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மேலே மரத்தளம் போட்டு மூடிவிட்டார்கள் என்றால் வால்வைப் பல வருஷமாக யாரும் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். வால்வுக்குள் திறந்து மூடும் மடல் நடுவில் குப்பை சிக்கினால் வால்வு இருந்தும் பயனில்லை. காப்புறுதியில் சாக்கடைப் பின்வாங்கல் தனிச் சேர்க்கை, அடிப்படை ஒப்பந்தத்தில் வராது. ஆற்று வெள்ளத்துக்கு அதிலிருந்தும் வேறான சேர்க்கை. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இனி அடித்தளம். மொன்றியலின் தென்கரையில் வீடு வாங்கும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சொல் பைரைட். இது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. வீடு கட்டும்போது பேஸ்மென்ட், கராஜ் தளங்களின் கான்கிரீட்டுக்குக் கீழே உடைகல் பரப்புவார்கள். 1990களின் கடைசி வரை இந்த வட்டாரத்தில் பல இடங்களில் பைரைட் உள்ள கல்லைப் பரப்பிவிட்டார்கள். காற்றும் ஈரமும் பட்டால் பைரைட் ஆக்சிஜனேற்றமாகி கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் கல்லில் உள்ள சுண்ணத்தோடு சேர்ந்து ஜிப்சமாகும். ஜிப்சம் இடத்தை அடைத்துக்கொண்டு வீங்கும், மேலே இருக்கும் தளத்தைத் தூக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, பத்து பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் முகம் காட்டும். அதனால் “இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லை” என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, உத்தரவாதமும் இல்லை.

பார்க்கப் போகும்போது ஒரு நாலடி மட்டப்பலகையும் டார்ச்சும் எடுத்துப்போங்கள். கராஜ் தரையின் நடுவில் மட்டப்பலகையை வையுங்கள். நடு மேடாகி ஓரங்கள் தாழ்ந்திருக்கிறதா? நட்சத்திரம் போலவோ சிலந்திவலை போலவோ விரிசல் ஒரு மையத்திலிருந்து பிரிகிறதா? விரிசலோரம் வெள்ளைப் பொடி இருக்கிறதா? பேஸ்மென்டில் உள்கதவின் அடி தரையில் உரசுகிறதா, தடுப்புச் சுவர் மேலே கூரையை முட்டித் தள்ளுகிறதா? இவையெல்லாம் அறிகுறிகள், தீர்ப்பு ஆகாது. நேர்கோட்டில் ஒடுங்கிய ஒற்றை விரிசல் கான்கிரீட் உலரும்போது சாதாரணமாக வருவது, அதைக் கண்டு ஓட வேண்டாம். வெள்ளைப் பொடியும் வெறும் ஈர உப்பாக இருக்கலாம். புதிதாக எப்பாக்சி பூசிய கராஜ் தரை மட்டும், விரிசலை மறைத்திருப்பார்களோ என்று என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

தீர்ப்பு சொல்வது ஆய்வகம்தான். தளத்தைத் துளைத்து அடியில் இருக்கும் கல்லை எடுத்து, வீக்கச் சாத்தியக் குறியீட்டைக் கணக்கிடுவார்கள். சுருக்கமாக ஐ.பி.பி.ஜி. என்பார்கள், 0 முதல் 100 வரை. 10 வரை என்றால் பொருட்படுத்த வேண்டாம். 11 முதல் 20 வரை குறைவு. 20ஐத் தாண்டினால் அறிக்கையின் மற்ற பக்கங்களையும் படிக்க வேண்டும்: கல்லில் ஏற்கெனவே ஜிப்சம் உண்டாகியிருக்கிறதா, கான்கிரீட்டை சல்பேட் அரித்திருக்கிறதா, நிரப்பிய கல் எவ்வளவு தடிமன். 40க்கு மேல் என்றால் விலைப் பேச்சு வேறு மாதிரி இருக்க வேண்டும். துளை குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று பேஸ்மென்டில், ஒன்று கராஜில். இரண்டுக்கும் ஒரே லாரிக் கல் போட்டிருப்பார்கள் என்று நம்ப ஆதாரமில்லை. கராஜில் நிரப்பிய கல் பெரும்பாலும் அதிகத் தடிமன், அதனால் வீங்கவும் அதிகம் இருக்கிறது. விற்பவர் “பைரைட் இல்லை” என்று பழைய சான்று நீட்டினால் முதலில் பார்க்க வேண்டியது, துளை எங்கெங்கே போட்டார்கள் என்பது. கராஜைத் தொடாத அறிக்கைகள் நிறைய சுற்றுகின்றன.

பரிசோதனைச் செலவு சில நூறு டாலர். சரிசெய்யும் செலவு பல்லாயிரம், ஏனென்றால் தளத்தை உடைத்து, கல் முழுவதையும் வாரி, வீங்காது என்று சான்றளிக்கும் டி.பி. முத்திரை பெற்ற கல்லைப் பரப்பி மறுபடி கான்கிரீட் போட வேண்டும். பேஸ்மென்டில் அறைகள் கட்டியிருந்தால் அவையும் போகும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வாங்கும் உடன்படிக்கையில் பரிசோதனைக்கு வழக்கமாக ஏழு முதல் பத்து நாள் எழுதுவார்கள். ஆய்வக முடிவு வரவே அவ்வளவு நாள் ஆகும். கெடு முடிந்துவிட்டால் நிபந்தனை செல்லாது. அதனால் பைரைட் சோதனைக்குத் தனி நிபந்தனை, தனிக் கெடு எழுதச் சொல்லுங்கள். “சட்ட உத்தரவாதம் இல்லாமல், வாங்குபவர் பொறுப்பில்” என்ற வாசகம் விற்பனைத் தாளில் இருந்தால் பின்னால் மறைந்திருந்த குறை தெரிந்தாலும் விற்பவரைப் பிடிப்பது மிகக் கடினம். வாரிசுகள் விற்கும் வீடுகளில் இது அடிக்கடி வரும். அப்படிப்பட்ட வீட்டில் சோதனை செய்யாமல் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

பைரைட்டோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று களிமண். இந்தத் தாழ்நிலம் முழுக்க பனியுகத்துக்குப் பின் சாம்ப்ளேன் கடல் விட்டுப்போன களிமண். ஈரமாக இருக்கும்வரை தாங்கும், வறண்ட கோடையில் சுருங்கும். சுருங்கினால் அடித்தளத்தின் ஒரு மூலை இறங்கும். பைரைட் தளத்தைத் தூக்கும், களிமண் சுவரை இறக்கும், வித்தியாசம் இதுதான். செங்கல் முகப்பில் படிக்கட்டு போல விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், மேலே அகலம் கீழே ஒடுக்கம் என்றால் மூலை இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். வெளியே வந்து மரத்தைப் பாருங்கள். வெள்ளி மேப்பிள், பாப்லார், வில்லோ வீட்டை ஒட்டி நின்றால் வேர்கள் அடித்தளத்தடி ஈரத்தைக் குடித்துவிடும். அதற்காக வாங்கிய மறுநாளே மரத்தை வெட்டக் கூடாது. அனுமதி வேண்டும் என்பது ஒன்று, திடீரென ஈரம் திரும்பி மண் உப்புவது மற்றொன்று. இறங்கிய அடித்தளத்தைத் தாங்க இரும்புக் கம்பங்களைக் கடினத் தளம்வரை இறக்குவார்கள், செலவு கம்ப எண்ணிக்கையைப் பொறுத்தது. சாதாரண வீட்டுக் காப்புறுதி மண் அசைவுக்குப் பணம் தராது. பழைய விரிசல் நின்றுபோனதா, இன்னும் நகர்கிறதா என்று ஒரே தடவை பார்த்து எந்தப் பரிசோதகரும் அடித்துச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள். 1970களின் வீடு என்றால் அடித்தளத்தைச் சுற்றியுள்ள வடிகுழாயும் ஆயுள் முடியும் நிலையில் இருக்கும். அதையும் விலைப் பேச்சில் சேருங்கள்.

மொழி விஷயத்தில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. பூஷெர்வில்லில் மிகப் பெரும்பான்மையினரின் தாய்மொழி பிரெஞ்சு. பார்க் எக்ஸ்டென்ஷனில் கடையில் ஆங்கிலமோ தமிழோ பேசிச் சமாளிப்பது போல இங்கே நடக்காது. மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அவ்வளவுதான். 1977ன் 101ஆம் சட்டப்படி, பெற்றோரில் ஒருவராவது கனடாவில் ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருந்தால் தவிர பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பள்ளிதான். தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விலக்குக்கும் 2022ன் 96ஆம் சட்டம் மூன்று வருஷ வரம்பு வைத்துவிட்டது. அதே சட்டப்படி, நீங்கள் கியூபெக்குக்கு வந்து ஆறு மாதம் கழிந்தால் மாகாண அரசு அலுவலகங்கள் உங்களோடு பிரெஞ்சில்தான் தொடர்புகொள்ளும், மருத்துவம், பாதுகாப்பு போன்ற விலக்குகள் தவிர. பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மூத்தது அநேகமாக இப்போதே பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்கும், இளையது ஒரு குளிர்காலத்துக்குள் பேச ஆரம்பித்துவிடும். சிரமப்படப்போவது நீங்கள். வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஊரில் முதல் வருஷம் தனிமை அதிகம். ஃபிரான்சிஸாசியோன் கியூபெக் 2023லிருந்து இலவச வகுப்புகளை ஒரே வாசல் வழியாக நடத்துகிறது, வீடு மாறும் முன்பே பதிந்துவிடுங்கள். பூஷெர்வில் பள்ளிகள் பாத்ரியோத் பள்ளிச் சேவை மையத்தின் கீழ் வருகின்றன. பிரெஞ்சு பற்றாத பிள்ளைக்கு வரவேற்பு வகுப்பு வேண்டுமென்றால் அது உங்கள் தெருப் பள்ளியில் இருக்குமா, பஸ்ஸில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இளையதுக்கு மானியக் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றால் மாகாண இணையதளத்தில் இன்றே பெயர் கொடுங்கள், வரிசை நீளம். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும் என்று நினைத்தால் தென்கரையிலேயே லோங்கேயின் கிரீன்ஃபீல்ட் பார்க் பகுதிக்கு இருமொழி அந்தஸ்து உண்டு, அதையும் ஒரு எட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால், முதல் வருஷம் வாங்காமல் வாடகைக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30ல் முடிந்து ஜூலை 1ல் தொடங்கும். இப்போதைய வீட்டு ஒப்பந்தமும் ஜூன் 30ல் முடிவது என்றால், புதுப்பிக்க விருப்பமில்லை என்ற அறிவிப்பை முடிவுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகை உயர்வுக் கடிதம் தந்திருந்தால் அது கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் பதில். பதில் தராவிட்டால் உயர்வை ஏற்றுப் புதுப்பித்ததாகக் கணக்கு. நடுவில் வெளியேற வேண்டுமானால் ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றித்தர அறிவிப்பு கொடுக்கலாம். 2024 பிப்ரவரியில் மாறிய சட்டப்படி வீட்டுக்காரர் முக்கியக் காரணமில்லாமலே அதை மறுக்கலாம், ஆனால் அப்படி மறுத்தால் அறிவிப்பில் சொன்ன தேதியில் உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிடும், உங்களுக்கு அதுவே போதும். புது வீட்டில் முன்பணம், சாவிக்காசு என்று எதுவும் கேட்கக் கூடாது, முதல் மாத வாடகை மட்டும் கேட்கலாம். பூஷெர்வில்லில் புது அடுக்குமாடிகள் இருப்பதால் ஒப்பந்தத்தின் எஃப் பிரிவைக் கட்டாயம் படியுங்கள். கட்டி ஐந்து வருஷத்துக்குள் இருக்கும் கட்டடம் என்று அங்கே குறித்திருந்தால் வாடகை உயர்வை வாடகைத் தீர்ப்பாயத்தில் எதிர்க்க முடியாது. விளம்பரத்தில் “நாலரை” என்று போட்டிருந்தால் இரண்டு படுக்கையறை, வரவேற்பறை, சமையலறை, அரைக் கணக்கில் குளியலறை.

காரில்லாமல் இந்த ஊரில் குடும்பம் நடத்துவது கஷ்டம் என்பதையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். குளிர்காலத்தில் இரவில் தெருவோரம் நிறுத்தும் விதி ஊருக்கு ஊர் மாறும், வாடகை பேசும்போதே நிறுத்துமிடம் எத்தனை என்று கேளுங்கள். தமிழ்ச் சாமான் வாங்க ஆற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். திருமுருகன் கோவில் டோலார் தெ ஓர்மோவில், தீவின் மேற்குப் பகுதியில் இருக்கிறது, நீங்கள் இருக்கப்போவதோ கிழக்குப் பகுதிக்கு எதிர்க்கரையில். வெள்ளிக்கிழமை மாலைப் பூஜைக்குப் போய்வருவது என்றால் அந்த மாலை முழுவதும் அதற்கே போய்விடும்.

ஆற்றங்கரை வாழ்க்கைக்காகத்தான் ஆசைப்படுகிறீர்கள் என்றால் அதற்குக் கரையோர வீடு தேவையே இல்லை. எதிரே இருக்கும் தீவுகள் 1984லிருந்து தேசியப் பூங்கா. ஐந்து தீவுகள், நடைபாதை, சைக்கிள் பாதை, கால்வாய்களில் துடுப்புப் படகு, கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளைவால் மான்கள். காரில் சுரங்கத்துக்கு முன் சரோன் தீவில் இறங்கிப் போக வேண்டும். கோடையில் படகும் ஓடும், ஆனால் பருவமும் நேரமும் ஒவ்வொரு வருஷமும் மாறுவதால் கிளம்பும் வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். புல்லில் உட்கார்ந்துவிட்டு வந்தால் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வட்டாரத்தில் லைம் நோய் உண்டு.

ஏதாவது ஒரு வீடு பிடித்துவிட்டால், கட்டிய ஆண்டு, விற்பவர் நிரப்பிய அறிவிப்புத் தாளில் தண்ணீர், அடித்தளம் பற்றிய பதில்கள், பழைய பைரைட் அறிக்கை இருந்தால் துளை போட்ட இடங்களும் குறியீட்டு எண்ணும், இவற்றை முகவரி இல்லாமல் இங்கே எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். விரிசலின் படத்தை மட்டும் அனுப்பினால், பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்து எடுங்கள்.